நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்த புதினா: பினாங்குத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நிபோங் திபால் பக்கத்தில், குத்தகை நிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் தோட்டத்தில் 2024 ஜனவரி முதல் நவம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவர்களுடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

முக்கியப் பயிர் புதினா. ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லியும் பத்துப் பன்னிரண்டு கறிவேப்பிலை மரங்களும் உண்டு. புதினாக் கட்டுகள் வாரத்தில் மூன்று நாள் பட்டர்வொர்த் பிரியாணிக் கடைகளுக்கும், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் காய்கறிக் கடைகளுக்கும் போகும். பிளாஸ்டிக் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்ட குடிலுக்குள் ஆறு பாத்திகள். ஒவ்வொன்றும் பதினைந்து மீட்டர் நீளம். அந்தப் பகுதியின் மண் கனத்த களி. நீர் வடியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பாத்தியிலும் லாரி மணல் கொட்டிக் கலந்திருந்தார்கள். அந்த மணல் பிறகு பேச்சில் வரும்.

நான் விவசாய மருந்துக் கடை ஒன்றில் பல ஆண்டுகள் நின்றவன். வாடிய இலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவருக்கு ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்து அனுப்புவதே அங்கே வேலை. கடையை விட்ட பிறகு, தெரிந்த தோட்டக்காரர்கள் கேட்டால் போய்ப் பார்த்து யோசனை சொல்கிறேன். கடைப் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை என்பது இந்த நிகழ்வில் தெரிந்தது.

ஜனவரி இறுதி: கைப்பேசியில் வந்த படங்கள்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் கணவர் படங்கள் அனுப்பினார். இலைகளின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல வெளிர் புள்ளிகள். சில இலைகள் மஞ்சளாகி, விளிம்பு கருகியிருந்தன. ஒரு படத்தில் நுனித் தளிர்களுக்கு இடையே மெல்லிய நூலாம்படை.

வெள்ளைத் தாளை இலைகளுக்கு அடியில் பிடித்துக்கொண்டு செடியைத் தட்டச் சொன்னேன். தாளில் விழுந்த தூசி நகர்ந்தது. விரலால் தேய்த்தபோது செந்நிறக் கோடு இழுத்தது. சிவப்புச் சிலந்தி என்று முடிவு செய்தேன். அதில் தவறில்லை.

அதற்கு முன் என்ன மருந்து அடித்தார்கள் என்றும் கேட்டேன். டிசம்பரில் வெள்ளை ஈ தெரிந்ததால் சைபர்மெத்ரின் மூன்று முறை அடித்திருந்தார்கள். கதை கச்சிதமாகப் பொருந்தியது. இந்த வகை மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். எட்டுக் கால் சிலந்தியோ பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். கூரை இருப்பதால் மழையும் அதைக் கழுவாது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். சூடான, காய்ந்த காற்றில் சிலந்தியின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்து அடுத்தது கிளம்பிவிடும்.

மருந்தை நிறுத்தச் சொன்னேன். மூன்று நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் இலைகளின் அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்ச வேண்டும்; மிகவும் மோசமான இடங்களில் மட்டும் சோப்புக் கரைசல். வேப்பெண்ணெயை வேண்டுமென்றே தவிர்த்தேன். அதன் வாடை புதினாவில் தங்கிவிட்டால் கடைக்காரர் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கதை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் வினையாயிற்று. வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி: சிலந்தி போயிற்று, நோய் போகவில்லை

இரண்டு வாரத்தில் தாளில் நகரும் தூசி ஏறக்குறைய இல்லாமல் போனது. புதிய தளிர்களில் புள்ளி இல்லை. ஆனால் அந்தத் தளிர்கள் சிறுத்து, வெளுத்து வந்தன. வாரத்துக்கு இருபத்தெட்டுக் கிலோ அறுத்த இடத்தில் பதினொரு கிலோகூடத் தேறவில்லை. கணவர் தாமாகவே இரண்டு முறை உரம் போட்டிருந்தார். ஐந்தாறு நாள் பச்சை ஏறியது போலிருந்து மறுபடி வெளுத்தது.

தொலைபேசியில் அவர் மனைவி சொன்ன ஒரு வரிதான் என்னைக் கிளப்பியது: "அண்ணே, பகல் ஒரு மணிக்குச் செத்த மாதிரி தொங்குகிறது, சாயங்காலம் தானாக எழுந்துவிடுகிறது. தண்ணீர் குறைவில்லை."

ஈரமான மண்ணில் நிற்கும் செடி நண்பகலில் வாடினால், நீர் மேலே ஏறும் வழியில் எங்கோ கோளாறு என்று பொருள். இலையில் இருக்கும் சிலந்தியால் அதை விளக்க முடியாது. மறுநாள் காலை நேரில் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். மூன்று வாரம் வீணாகியிருந்தது.

நேரில் பார்த்தது

செடியைத் தொடுவதற்கு முன் குடிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன். உரக் குறை என்றால் பாத்தி முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக வெளுத்திருக்கும். இங்கே திட்டுத் திட்டாக இருந்தது. 1, 2, 3-ஆம் பாத்திகளில் பெரிய திட்டுகள், 4-இல் சில, 5, 6 செழிப்பாக நின்றன. அறுவடையும் நீரும் உரமும் ஆறுக்கும் ஒன்றுதான்.

வாடலுக்கு மூன்று சந்தேகங்கள் இருந்தன. முதலாவது பாக்டீரியா வாடல். தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டோம். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் பால் போன்ற இழை வெட்டுவாயிலிருந்து கீழே இறங்கும். கால் மணி நேரம் பார்த்தும் நீர் தெளிவாகவே இருந்தது. நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது தண்டின் உள்ளே பழுப்புக் கோடும் இல்லை. ஆகவே பூசண வாடலும் பெரும்பாலும் இல்லை. இரண்டாவது வேரழுகல். அழுகிய வேரை இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மூன்றாவதையும் வேரில்தான் பார்க்க வேண்டும்.

மண்வெட்டியால் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வாளி நீரில் அலசினோம். இழுத்துப் பிடுங்கினால் மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பார்க்க வேண்டியவை அந்த மெல்லிய வேர்களே. நீர் தெளிந்தபோது மிளகளவிலும் கடுகளவிலும் வீக்கங்கள், மணி கோத்தது போல வேர் முழுவதும் தெரிந்தன. தோல் கழலவில்லை. ஒரு வீக்கத்தைப் பிளேடால் பிளந்து பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே முத்துப் போல வெளுத்த, ஊசிமுனை அளவுப் பேரிக்காய் வடிவங்கள். வேர்முடிச்சு நூற்புழுவின் பெண்கள் அவை. வேருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும் நுண்புழு அது; என் மூன்றாவது சந்தேகம் அதுதான்.

கணவர் உடனே கேட்டார்: "பயற்றங்காய் வேரிலும் இப்படித்தானே இருக்கும்? அது நல்லது என்று சொல்வார்களே?" நியாயமான கேள்வி. பயறு வகைகளின் வேரில் நுண்ணுயிர் கட்டும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது. தேய்த்தால் உதிராது, வேர்தான் அறும். புதினா பயறு வகையும் அல்ல. அவரே தேய்த்துப் பார்த்தார்.

அப்போதுதான் அவர் மனைவி சொன்னார்: "வெண்டைக்காய் பிடுங்கியபோதும் வேர் இப்படித்தான் முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்தச் செடியின் வேரே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்."

ஆறு பாத்திகளின் வரலாறு

அந்த வாக்கியத்துக்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பாத்தியில் எது எப்போது நடப்பட்டது என்று தாளில் எழுதினோம். அதுவரை அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. எல்லாம் அந்த அம்மாவின் நினைவில் இருந்தது. ஜனவரியில் நான் அவரிடம் பேசவே இல்லை.

1, 2, 3-ஆம் பாத்திகளில் 2022-இல் வெண்டை. வெண்டை இந்தப் புழுவுக்கு விருந்து. வெண்டையை எடுத்துவிட்டு அதே மண்ணில் 2023 நடுவில் புதினா நட்டார்கள். 4-ஆம் பாத்தி புதிதாக வெட்டியது, அதில் வெண்டை நின்றதே இல்லை. ஆனால் 1-ஆம் பாத்தியிலிருந்து வேரோடு பெயர்த்த ஓடுதண்டுகளை, அதாவது தரையோடு படர்ந்து வேர்விடும் தண்டுகளை, அங்கே நட்டிருந்தார்கள். 5, 6-உம் புதியவை. அவற்றை நடும் சமயத்தில் ஓடுதண்டு போதவில்லை. விற்காமல் மிஞ்சிய கட்டுகளிலிருந்து தண்டுகளை எடுத்து, அந்த அம்மா அவற்றை நீர்க் குவளைகளில் வேர்விட வைத்து நட்டிருந்தார்.

தெரியாமலே நடந்த ஒரு நல்ல சோதனை இது. புழு வேரிலும் மண்ணிலும்தான் வாழும். மண்ணுக்கு மேலுள்ள தண்டில் இருக்காது. கெட்ட மண் கிடைத்த மூன்று பாத்திகள் மோசம். நல்ல மண்ணில் கெட்ட நாற்று போன 4 பாதி மோசம். நல்ல மண்ணில் வெறும் தண்டு போன இரண்டும் சுத்தம். புழு எந்த வழியாக நடமாடியது என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமலே பாத்திகள் சொல்லிவிட்டன.

மணலையும் இங்கே சொல்ல வேண்டும். மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத குட்டிப்புழு, மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்தி வேர் நுனியைத் தேடும். நெருங்கிய களியைவிடப் பொலபொலப்பான மணற்பாங்கான மண் அதற்கு வசதி. புதினாவுக்காகச் செய்த உபகாரம் புழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். 2023 நடுவிலிருந்து எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர்களிடம் சொல்லவில்லை.

மார்ச்: உறுதி செய்தது

வேர்களை ஈரத் தாளில் சுற்றி ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். மெலாய்டோகைன் என்று பதில் வந்தது; வேர்முடிச்சு நூற்புழுவின் அறிவியல் பெயர் அது. அதற்காகக் காத்திருக்காமல், செலவில்லாத ஒரு சோதனையையும் தொடங்கியிருந்தோம். ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்துக் கலந்து, பிளாஸ்டிக் குவளைகளில் நிரப்பி வெள்ளரி விதை போட்டோம். 1-ஆம் பாத்தி மண்ணில் கொஞ்சத்தை இட்லிப் பானையில் அரை மணி நேரம் அவித்து, ஆறவைத்து, ஒப்பீட்டுக்கு ஒரு குவளை. பானை பழையது, சமையலுக்குத் திரும்பவில்லை.

நான்கு வாரம் கழித்து நாற்றுகளை அலசிப் பார்த்தோம். 1, 2, 3 குவளைகளில் வேர் முழுக்க முடிச்சு. 4-இல் சில. 5, 6-இலும் அவித்த மண்ணிலும் ஒன்றுமில்லை. கொத்தமல்லிப் பாத்தியின் மண்ணையும் அந்த அம்மா தாமாகவே ஒரு குவளையில் வைத்திருந்தார். அதிலும் முடிச்சு இருந்தது. எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கொட்டகையில் கார்போஃபியூரான் குருணை மூட்டை ஒன்று பாதி இருந்தது. நூற்புழுவைக் கொல்ல முன்பு பலரும் போட்ட மருந்து அதுதான். மலேசியாவில் 2023 மே 1 முதல் விவசாயத்தில் அதற்குத் தடை. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், அது வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலைக்கு ஏறும் நஞ்சு. நான்கு வாரத்தில் அறுத்து, பச்சையாக அரைத்துத் துவையலாகச் சாப்பிடும் இலை இது. "ஒரே ஒரு தடவை" என்று கணவர் கேட்டார். நான் மறுத்தேன், அவர் மனைவி என்னைவிட உரக்க மறுத்தார். மூட்டையைக் கட்டிப் பூட்டி வைத்து, அதை எப்படி ஒப்படைப்பது என்று விவசாய அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். வாய்க்காலில் கொட்டிவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது, அவர் கொட்டவில்லை.

அடுத்த சண்டை, எப்போது பிடுங்குவது என்பதில். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 10 நோன்புப் பெருநாள், ஹரி ராயா. பிரியாணிக் கடைகள் ஆண்டிலேயே அதிகமாகப் புதினா கேட்கும் சமயம். உடனே பிடுங்க வேண்டும் என்றேன். ராயா வரை இருப்பதை அறுத்துவிடுகிறேன் என்றார் அவர். வாடகையும் லாரித் தவணையும் அவருடையவை, என்னுடையவை அல்ல. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் வேலை 5, 6-இல் தொடங்கி, பிறகு 4, கடைசியில் 1, 2, 3. அந்தப் பக்கம் போனவர் அன்று இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. மண்வெட்டி, செருப்பு எல்லாம் இரண்டு தொகுதி. ஜூனில் 5, 6-இன் மண்ணை மறுபடி குவளையில் சோதித்தபோது சுத்தமாகவே இருந்தது. ஆகவே அந்த விட்டுக்கொடுப்பில் பெரிய நட்டமில்லை. என் பிடிவாதம் வென்றிருந்தால் அவருக்கு ராயா வருமானமும் போயிருக்கும்.

ராயாவுக்குப் பிறகு நான்கு பாத்திகளையும் வேரோடு எடுத்தோம். வேர்களை உரக் குழியில் போடவில்லை. திறந்தவெளியில் எரிப்பதும் இங்கே குற்றம். துத்தநாகத் தகட்டில் பரப்பி வெயிலில் சருகாக்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். பிறகு, வெயில் சூட்டில் மண்ணிலுள்ள புழு சாகட்டும் என்று நான்கையும் நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஓரம் இறுக்கி மூடினோம், ஆறு வாரம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பிற்பகலானால் மேகம் கூடிவிடும். மேல் மண் நன்றாகச் சூடேறியது. ஒரு சாணுக்குக் கீழே கைவைத்தால் வெதுவெதுப்புதான்.

அதற்குப் பின் பாத்திகள் பிரிந்தன. 1, 3-இல் ஜூலையில் செண்டுமல்லி நெருக்கமாக நட்டோம். அதன் வேரிலுள்ள ஒரு பொருள் இந்தப் புழுவை ஒடுக்கும். ஆனால் ஓரத்தில் நாலு செடி வைத்தால் பயனில்லை. பாத்தி முழுவதும், குறைந்தது இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். 4-ஐ இரண்டு மாதம் வெறுமனே காயவிட்டு, வாரம் ஒருமுறை கிளறி, ஒரு களைகூட முளைக்க விடாமல் காத்தோம். களைகளின் வேரிலும் புழு காலம் தள்ளும். கூரை இருந்ததால்தான் மழைக்காலத்திலும் அப்படிக் காயவிட முடிந்தது. 2-இல் வேப்பம் புண்ணாக்கு, சதுர மீட்டருக்குக் கால் கிலோ. பத்து நாள் கழித்து, ஜூலையிலேயே புதினா. அது அவர் முடிவு. கடைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற கேமரன் மலைப் புதினாவை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார், அதில் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

இனி எந்தப் பாத்திக்கும் வேரோடு பெயர்த்த ஓடுதண்டு இல்லை. 5, 6-இன் நுனித் தண்டுகளைத் தென்னை நார்த்தூளில் வேர்விட வைத்து நடுவது மட்டுமே.

நவம்பர் வரை நடந்தது

2-ஆம் பாத்தி ஆகஸ்டில் பார்க்க அழகாக இருந்தது. அக்டோபரில் வேரை அலசியபோது முடிச்சுகள் திரும்பியிருந்தன, பழைய அளவில் பாதி இருக்கும். விளைச்சல் இன்னும் குறையவில்லை, குறையும். 4-ஆம் பாத்தியில் செப்டம்பரில் நட்ட புதினாவில் ஒன்றிரண்டு வேர்களில் மட்டும் முடிச்சு.

செண்டுமல்லி செப்டம்பரில் பூத்து, அக்டோபர் 31 தீபாவளிக்கு மாலைக் கடைகளுக்குப் போனது. பெரிய தொகை இல்லை. ஆனால் சும்மா கிடக்க வேண்டிய பாத்திக்கு அது வருமானம். ஒன்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்: சிவப்புச் சிலந்திக்குச் செண்டுமல்லியும் பிடிக்கும். நூற்புழுவை விரட்ட நட்ட செடியில் ஜனவரியின் சிலந்தி மறுபடி வலை பின்னியது. இந்த முறை யாரும் சைபர்மெத்ரினை எடுக்கவில்லை, நீரைப் பீய்ச்சினார்கள்.

பூவை எடுத்த பின் வெள்ளரிக் குவளைச் சோதனையில் 1-இல் முடிச்சு இல்லை, 3-இல் மிகச் சில. செண்டுமல்லியால் வந்ததா, பிளாஸ்டிக்கால் வந்ததா, புதினா இல்லாமல் நின்ற ஏழு மாதத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இந்தத் தோட்டம் இடம் தராது. ஒன்றுமே செய்யாத பாத்தி ஒன்றை ஒப்பீட்டுக்கு விட்டுவைக்க அவரிடம் இடமும் இல்லை, எனக்குக் கேட்க மனமும் இல்லை.

எதை மாற்றுவேன்

படத்தை வைத்துப் பூச்சியின் பெயரைச் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன். இப்போது யார் படம் அனுப்பினாலும், நல்ல செடி ஒன்று, கெட்ட செடி ஒன்று, இரண்டையும் மண்ணோடு பெயர்த்து அலசி, வேர் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்கிறேன். பாதிப் பேர் அலுத்துக்கொள்கிறார்கள். கூடவே இரண்டு கேள்விகள்: இந்த இடத்தில் முன்பு என்ன நின்றது, நாற்று எங்கிருந்து வந்தது. இந்தக் கேள்விகளைத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். தொலைபேசியை எடுப்பவர் அவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

2-ஆம் பாத்தியில் ஜூலையில் நட்டதைத் தடுத்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. கொத்தமல்லிப் பாத்தியை நான் முழுக்கக் கோட்டைவிட்டேன். அது இன்றும் சரிசெய்யப்படாமல் இருக்கிறது.

இன்னொன்றும் பாக்கி. 2023 இறுதியில் கணவர் தம் நண்பர் ஒருவருக்கு 1-ஆம் பாத்தியிலிருந்து இரண்டு சாக்கு ஓடுதண்டு கொடுத்திருந்தார், வேரும் மண்ணுமாக. மார்ச்சில் உறுதியானதும் அவரை அழைத்து விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். சொல்ல அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. நண்பர் தம் புதினா நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சிலந்தி மட்டும் தெரிகிறது என்றாராம். நவம்பர் வரை ஒரு செடியைப் பெயர்த்துப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை.